இழையும் மின்னும்

எரிவாயு அடுப்பைப் பற்றவைப்பதற்கு வீடுகளில் ஒரு சிறு கருவி வைத்திருக்கின்றனர். அதன் ஒரு முனையை விரலால் அழுத்தினால் 'டக்' என்னும் ஓசை எழுகின்றது. மறுமுனையில் தீப்பொறி தெறிக்கின்றது. இக்காலத்து அத்தகைய கருவிகள் பலவற்றுள் மின்கலமும் இல்லை. சக்கிமுக்கிக் கல்லும் இல்லை. விரலின் விசையை உள்ளிருக்கும் ஒரு சுருள்வில் திரட்டி வைத்துக்கொள்கிறது. பின்னர் அது திடீரென விடுபட, ஒரு சிறு சுத்தியல் உள்ளே பொருத்தப்பட்ட பீங்கான் துண்டின்மேல் ஓங்கி அடிக்கின்றது. அடிபட்ட பீங்கானில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றிப் பொறியாகப் பாய்கின்றது.

பல ஆயிரம் வோல்ட் என்றவுடன் நாம் அஞ்சுதல் இயல்பே. ஆயினும் அப்பொறி நம்மைக் கொல்வதில்லை. ஒரு விளக்கைத் தொடர்ந்து எரிக்கவும் அதனால் இயலாது. காரணம் யாது? மின்னழுத்தம் பெரிது, மின்னின் அளவோ மிகச் சிறிது. உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து ஒரே ஒரு துளி நீர் விழுவதை ஒத்தது அது. வீழ்ச்சியின் உயரத்தை மட்டும் கண்டு, அத்துளியால் ஆலையை ஓட்டலாம் என எண்ணுதல் பேதைமை. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டு மேலே செல்வோம். இப்பாடத்தில் யான் கூறவிருக்கும் கருத்துக்கு இதுவே அடிப்படை.

அழுத்தத்தால் மின்சாரம் பிறக்கும் இவ்வியல்பினை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சகோதரர் இருவர் கண்டறிந்தனர். மூத்தவர் ஜாக் கியூரி. இளையவர் பியரி கியூரி. குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம் முதலிய படிகங்களையும், கரும்புச் சர்க்கரைப் படிகத்தையும் அவர்கள் அழுத்திப் பார்த்தனர். அழுத்துந்தோறும் படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றியது. இதற்கு மறுதலையாக, மின்சாரத்தைச் செலுத்தினால் படிகம் உருவில் நுண்ணிய மாறுதல் அடையவேண்டும் என்று லிப்மன் என்னும் அறிஞர் 1881-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் கூறினார். கியூரி சகோதரர்கள் அதனையும் சோதனையால் மெய்ப்பித்தனர். முதற் பெரும்போரின்போது, 1917-ஆம் ஆண்டளவில், பியரி கியூரியின் மாணாக்கரான லாஞ்ச்வின் குவார்ட்ஸ் தகடுகளைக் கொண்டு கடலுக்குள் ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியால் நீர்மூழ்கிகளின் இருப்பை அறிய முயன்றார். 1969-ஆம் ஆண்டு முதல் கைக்கடிகாரங்களிலும் குவார்ட்ஸ் படிகம் இடம்பெற்றது. நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தை அளந்து தரும் பணியை இன்றும் அது செய்து வருகின்றது.

படிகம் அழுத்தப்படும்போது மின்னூட்டம் எங்ஙனம் தோன்றுகிறது? படிகத்தினுள் நேர்மின் கொண்ட அணுக்களும் எதிர்மின் கொண்ட அணுக்களும் ஒழுங்காக அமர்ந்துள்ளன. சாதாரண நிலையில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சிலவகைப் படிகங்களில் இவ்வமைப்பு எல்லாப் பக்கமும் ஒத்ததன்று. அவற்றை அழுத்தினாலோ இழுத்தாலோ நேர்மின்னின் நடுவிடமும் எதிர்மின்னின் நடுவிடமும் ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலகுகின்றன. அவ்விலகலே முகங்களில் மின்னூட்டமாக வெளிப்படுகின்றது.

இயற்கைப் படிகங்களினும் மிகுதியாக இவ்வியல்பைக் காட்டும் செயற்கைப் பீங்கான்கள் பின்னர்த் தோன்றின. அவற்றுள் தலைசிறந்தது ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் ஆனது. 1954-ஆம் ஆண்டில் அதன் ஆற்றல் வெளியாயிற்று. சூளையிலிருந்து வெளிவந்தவுடனேயே அது பயன்படுவதில்லை. அதனுள் எண்ணிறந்த நுண்படிகங்கள் உள்ளன. அவை திசைக்கொன்றாய் நோக்கியிருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும. வலிமைமிக்க மின்புலத்தில் அதனை வைத்து, அவற்றை இயன்ற மட்டும் ஒரு திசை நோக்கச் செய்த பின்னரே அது பணிக்கு உரியதாகின்றது.

அத்துணைச் சிறந்த பீங்கானுக்கும் ஒரு குறை உண்டு. அது நொறுங்கும் இயல்பினது. வளைத்தால் முறியும். நாம் அறிய விரும்பும் அசைவுகளோ வளைந்த பரப்புகளிலேயே மிகுதியாக நிகழ்கின்றன. விமானத்தின் இறக்கை வளைகிறது, காற்றாலையின் அலகு வளைகிறது, குழாய் உருண்டையானது, மனிதனுடைய முழங்காலோ ஓயாது மடங்கி நிமிர்வது. இவற்றின்மேல் பீங்கான் தகட்டை ஒட்டினால் அது நெடுநாள் நில்லாது.

இக்குறையை நீக்கும் வழி, பீங்கானை இழைகளாக்குவதே ஆகும். கண்ணாடிச் சட்டம் வளையாது. அக்கண்ணாடியையே மெல்லிய இழையாக இழுத்தால் அது வளைகின்றது. ஒரு பொருளை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. பொருளின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால், அதே வளைவில் அந்நீட்சியும் பாதியாகக் குறையும். எனவே மெலிந்த இழை முறியாமல் வளைகின்றது. தனி இழை வலிவற்றதாகலின், பல இழைகளை அடுக்கிப் பிசினால் பிணிக்கின்றனர். ஓரிழை முறியினும் அம்முறிவு பிசினைத் தாண்டி அடுத்த இழைக்கு எளிதிற் பரவாது. மண்சுவர் எழுப்புவோர் குழைத்த மண்ணில் வைக்கோலைக் கலப்பதும் இத்தகைய நோக்கம் பற்றியே.

பீங்கானையும் பிளாஸ்டிக்கையும் இவ்வாறு இணைப்பதற்குரிய முறைகளை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து நியூனம் என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 1978-ஆம் ஆண்டில் வகுத்துக் காட்டினர். 1990-களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் உருண்ட பீங்கானிழைகளைப் பிசினில் பதித்து வளையும் தகடுகளை ஆக்கினர். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தார், அவ்விழைகளைத் தட்டையாக அமைக்கும் வழியைக் கண்டனர். மெல்லிய பீங்கான் தகட்டை நுண்ணிய வாளால் வரிசையாக அறுத்து இழைகளாக்குவர். அவற்றை எப்பாக்சி என்னும் பிசினால் ஒட்டி, மேலும் கீழும் பிளாஸ்டிக் ஏடுகளை வைத்து மூடுவர். அவ்வேடுகளில் சீப்பின் பற்களைப் போன்ற செம்புக் கோடுகள் உள்ளன. அக்கோடுகள் இழைகளுக்குக் குறுக்கே ஓடுவதால், இழை நெடுமையில் நீளும்போது அந்நெடுமையிலேயே தோன்றும் மின்னைத் திரட்டுகின்றன. குறுக்கே திரட்டுவதினும் இம்முறையில் விளைவு ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி. முடிந்த தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், ஓர் அஞ்சலட்டையின் தடிப்பளவே எனலாம். அதனைக் குழாயின்மேல் சுற்றி ஒட்டலாம். இறக்கையின் வளைவோடு பொருத்தலாம்.

இழையையும் பிணைப்பையும் சேர்த்து இவ்வேலையைச் செய்வித்ததில் இயற்கை மனிதனுக்கு முற்பட்டது. 1957-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய புக்காடாவும் யசுதாவும் எலும்பிலும் அழுத்த மின்சாரம் தோன்றுவதை நிறுவினர். எலும்பு என்பது கொல்லாஜன் என்னும் புரத இழைகளும் சுண்ணாம்புச் சத்துள்ள கனிமமும் இணைந்த கலவைப் பொருளே அன்றோ! நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் நம் எலும்புகளில் நுண்ணிய மின்னூட்டம் எழுகின்றது.

இத்தகைய இழைத்தகடுகளால் இரு பயன்கள் உண்டென்பர். ஒன்று, வீணாகும் அசைவுகளிலிருந்து மின்சாரத்தை அறுவடை செய்தல். மற்றொன்று, அசைவையும் அதிர்வையும் உணர்ந்து அறிவித்தல். இவ்விரண்டனுள் எது தலையாயது என்பதே நாம் ஆராயவேண்டிய வினா. பொதுமக்கள் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் முதற்பயனே பெரிதும் பேசப்படுகின்றது. மக்கள் நடக்கும் தரை நகரத்துக்கு ஒளி தரும் என்றும், ஆடையின் அசைவே வீட்டு விளக்கை ஏற்றும் என்றும் கூறுவர். இக்கூற்று மிகை என்பதும், இரண்டாம் பயனே இவ்விழைகளின் உண்மையான பெருமை என்பதும் என் கருத்து.

கணக்கினைப் பார்ப்போம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர், காலணிக்குள் அழுத்தமின் பொருள்களை வைத்துச் சோதித்து, 2001-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். குதிகாலின் கீழ் வைத்த பீங்கான் தகடுகள் சராசரியாக 8.4 மில்லிவாட் தந்தன. முன்பாதத்தின் கீழ் வைத்த பிளாஸ்டிக் ஏடு 1.3 மில்லிவாட் தந்தது. அவை இழைத்தகடுகள் அல்லவெனினும், ஒருவர் நடையிலிருந்து கிடைக்கத்தக்க மின்சாரத்தின் அளவை அறிதற்கு அவை போதும். இன்று வீடுகளில் எரியும் சிறு விளக்கொன்றுக்கு 9 வாட் வேண்டுமெனக் கொள்வோம். அது 9,000 மில்லிவாட். அதனை 8.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,070 காலணிகள் வரும். அதாவது, ஒரே ஒரு விளக்கு எரிவதற்கு 535 பேர் இடைவிடாது நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். நகரத்துக்கு ஒளியூட்ட எத்துணைக் கோடிக் கால்கள் வேண்டும்!

தரையில் பதித்தால் மிகுதியாகக் கிடைக்குமே என வினவலாம். கிழக்கு ஜப்பான் இரயில்வே நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் டோக்கியோ நிலையத்துப் பயணச்சீட்டு வாயில்களில் அத்தகைய தரையை அமைத்துச் சோதித்தது. புதியதைச் சோதித்துப் பார்க்கும் அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கும் மின்சாரம் வெறுவெளியிலிருந்து தோன்றுவதில்லை. ஆற்றலை ஆக்கவும் இயலாது; அழிக்கவும் இயலாது என்பது பௌதிகத்தின் அடிப்படை விதி. மிதிக்கும் தரை சற்றே அமிழ்ந்தால், நடப்பவர் தம் உடலாற்றலை அந்த அளவு கூடுதலாகச் செலவிடுகிறார். சாலையில் பதித்த தகட்டை அமிழ்த்தி உருளும் வண்டியும் அந்த அளவு எரிபொருளைக் கூடுதலாகச் செலவிடும். ஆகவே இதனை இலவச மின்சாரம் என்று கூறுதல் பிழை. பயணியின் சோற்றிலிருந்தும் வண்டிக்காரரின் எண்ணெயிலிருந்தும் பெறும் மின்சாரம் அது. இயந்திரத்தின் நடுக்கம், பாலத்தின் அதிர்வு போன்ற முன்னமே வீணாகும் அசைவுகளிலிருந்து பெறுவதே உண்மையான அறுவடையாகும்.

இனி இரண்டாம் பயனைக் காண்போம். உணர்தலுக்கு மிகுந்த மின்சாரம் வேண்டுவதில்லை. ஒரு துளி மின்னூட்டமே செய்தியாகின்றது. மேற்கூறிய காலணியையே எடுத்துக்கொள்வோம். அதில் கிடைத்த சிறு மின்சாரத்தைக் கொண்டே, நடப்பவர் இன்னார் என அறிவிக்கும் வானொலிக் குறியீட்டைச் சில அடிகளுக்கொரு முறை அனுப்பிக் காட்டினர் அவ்வாய்வாளர். விளக்கேற்ற மாட்டாத மின்சாரம், தூது சொல்லப் போதுமானதாயிற்று!

இத்தூதின் அருமையை ஒரு துயர நிகழ்ச்சியால் அறியலாம். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின்மேல் 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'சில்வர்' பாலம், மேற்கு வர்ஜீனியாவையும் ஒகையோ மாநிலத்தையும் இணைத்து நின்றது. அது கம்பி வடங்களால் அன்றி, துளையுள்ள எஃகுச் சட்டங்களைச் சங்கிலிபோல் கோத்துத் தொங்கவிடப்பட்ட பாலம். 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் மாலை, வண்டிகள் நெருங்கி நின்ற வேளையில், அது இடிந்து ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். ஆராய்ந்தபோது, ஒரே ஒரு சட்டத்தின் துளையோரத்தில் இருந்த வெடிப்பே அதற்குக் காரணம் எனத் தெரிந்தது. அவ்வெடிப்பின் ஆழம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். மூட்டினைக் கழற்றிப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அது மறைந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக வெளியில் உறுதியாகத் தோன்றிய பாலத்தை உள்ளிருந்த நெல்மணி அளவுள்ள குறை வீழ்த்திவிட்டது. அதன் பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிப்பதற்கான பொது விதிகள் வகுக்கப்பட்டன.

உலோகத்தில் வெடிப்பு வளரும்போது அது ஓசையின்றி வளர்வதில்லை. நம் செவிக்கு எட்டாத நுண்ணதிர்வுகளை அது எழுப்புகின்றது. உலோகத்தின்மேல் பதித்த அழுத்தமின் உணரி அவ்வதிர்வை மின்குறியாக மாற்றித் தரும். மற்றொரு முறையும் உண்டு. ஓரிடத்தில் ஒட்டிய தகட்டுக்கு மின்சாரம் செலுத்தினால் அது அதிர்ந்து உலோகத்தில் அலையை எழுப்பும். வேறிடத்தில் ஒட்டிய தகடு அவ்வலையைப் பெறும். இடையே வெடிப்புத் தோன்றியிருப்பின் அலை மாறுபடும். பேசும் வாயாகவும் கேட்கும் செவியாகவும் ஒரே பொருள் அமைவது இவ்விழைகளின் தனிச்சிறப்பு. இவ்வுணரிகள் அன்று இருந்திருப்பின் அந்த 46 உயிர்களும் தப்பியிருக்கும் எனத் துணிந்து கூறல் ஆகாது. ஆனால் கண்ணுக்கு மறைந்த குறையைக் காலத்தில் அறிவிக்கும் கருவி எத்துணை வேண்டப்படுவது என்பதில் ஐயமில்லை.

ஈண்டு அறுவடையும் தன் உரிய இடத்தைப் பெறுகின்றது. பாலத்தின் அடியிலும் காற்றாலை அலகின் உட்புறத்திலும் பல உணரிகளை வைத்தால், அவற்றின் மின்கலங்களை அடிக்கடி மாற்றுதல் அரிது. பாலத்தின் அதிர்விலிருந்தே நுண்ணிய மின்சாரத்தைத் துளித்துளியாகச் சேமித்து, போதிய அளவு சேர்ந்ததும் ஒரு நொடியில் செய்தியை அனுப்பினால், அவ்வுணரி நெடுங்காலம் தானே இயங்கலாம். அறுவடை, உணர்தலுக்குத் துணையாக அமையும்போது பொருந்துகின்றது. தலைமை ஏற்க முற்படும்போது பொய்யாகின்றது.

என் கருத்துக்கு மறுப்புரைப்போர் கூறத்தக்கவை சில உள. முதலாவது, இவ்வுணரிகளுக்கும் எல்லை உண்டு. மாறாது நிற்கும் சுமையை இவை நெடுநேரம் அறிவியா. தோன்றிய மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்து மறைந்துவிடும். மாற்றம் நிகழும்போது மட்டுமே இவை பேசும். இஃது உண்மையே. ஆகவே பிற உணரிகளோடு சேர்த்தே இவற்றை வைத்தல் வேண்டும். இரண்டாவது, உணரி குறையைக் கூறுமேயன்றிக் குறையைத் தீர்க்காது. அதுவும் உண்மை. மணி அடித்தும் எழாதவனுக்கு மணியால் யாது பயன்? உணரியை ஒட்டிவிட்டு அதன் சொல்லைக் கேளாதிருப்போர், ஒட்டாதவரினும் பிழை செய்தவராவர்.

மூன்றாவது மறுப்பே மிகவும் கருதத்தக்கது. இப்பீங்கானின் எடையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் ஈயம். ஈயம் நச்சுத்தன்மை உடையது. இளஞ்சிறாரின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். கருவி பழுதுற்றுக் குப்பையில் வீழ்ந்தபின் அவ்வீயம் எங்கே செல்லும்? மின்கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியமும், ஒத்த மாற்றுப்பொருள் கிட்டாமையால் இப்பீங்கானுக்கு விலக்களித்தது. மாற்றுப்பொருளுக்கான முயற்சி நின்றுவிடவில்லை. பொட்டாசியமும் சோடியமும் நியோபியமும் கொண்ட ஈயமில்லாப் பீங்கான் ஒன்றைப் பற்றி ஜப்பானிய அறிஞர் 2004-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1969-ஆம் ஆண்டில் கவாய் என்பார் கண்டறிந்த அழுத்தமின் பிளாஸ்டிக்கிலும் ஈயம் இல்லை. அதன் ஆற்றல் குறைவெனினும், நாடித்துடிப்பையும் மூச்சையும் உணரும் பட்டைகளுக்கு அது போதும். மனித உடலைத் தொடும் கருவிகளுக்கும் ஆடைகளுக்கும் ஈயமில்லாப் பொருள்களையே கொள்ளவேண்டும் என்பதும், ஈயமுள்ளவற்றைப் பணி முடிந்தபின் திரும்பப் பெறும் பொறுப்பைச் செய்தவரே ஏற்கவேண்டும் என்பதும் என் துணிபு. உயிரைக் காக்க வந்த கருவி வேறோர் உயிருக்கு ஊறு செய்தல் தகாது.

மிகைப் பேச்சால் விளையும் தீங்கு யாது எனச் சிலர் கேட்கலாம். நகரத்துக்கு ஒளி தரும் என்று நம்பிப் பணம் செலவிட்டோர், அது ஒரு விளக்கையும் நன்கு ஏற்றாமை கண்டு மனம் மாறுவர். அப்போது, 'இழைகளால் பயனில்லை' என்று முழுவதையும் வெறுத்து ஒதுக்குவர். செய்யவியலாத வேலைக்குப் புகழப்பட்ட பொருள், செய்யவல்ல வேலையையும் இழக்கின்றது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அளவோடு அமைதல் வேண்டும் என்பது மனிதருக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் பொருந்தும்.

மாணவர்களே! புதிய ஆற்றலைப் பற்றிய செய்தியை நீங்கள் படிக்கும்போது நான்கு வினாக்களை எழுப்புங்கள். அவ்வாற்றல் எங்கிருந்து வருகின்றது? அதன் அளவு எத்துணை? அவ்வளவு எப்பணிக்குப் போதும்? பணி முடிந்தபின் அப்பொருள் எங்கே செல்லும்? இவற்றுக்கு விடை காண உயர்ந்த கணக்கு வேண்டுவதில்லை. நீங்கள் கற்ற வகுத்தலே பெரும்பாலும் போதும். இவ்வினாக்களுக்கு விடை கூறி நிற்கும் பொருளையே நாம் போற்றுதல் வேண்டும். வளையும் இழைகள் நம் வீட்டுக்கு ஒளியூட்டும் என எதிர்பாரோம். நாம் கடக்கும் பாலம் உறுதியாக உள்ளதா என்று அவற்றைக் கேட்போம். அவ்வினாவுக்கு விடை கூறும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.